கைப்பொருளும் கானகமும்

ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் வனவிலங்குகள் தம் இச்சைப்படி உலவுவதைக் கண்ணாரக் கண்டு வரவேண்டும் என்ற ஆசை ஒருவர் மனத்தில் எழுந்து, அதைக் காரியமாக்கும் உத்தேசத்துடன் நாலைந்து பிரயாண ஏற்பாட்டாளர்களுக்கு அவர் கடிதம் எழுதிவிட்டாரானால், வந்து சேரும் பதில்களைப் பார்த்ததும் சற்று நேரம் அயர்ந்துபோய் உட்கார்ந்துவிடுவார். அதே கென்யா, அதே மசாய் மாரா, அதே மூன்று இரவும் நான்கு பகலும். ஆனால் ஒருவர் கேட்கும் தொகையை ஓர் உத்தியோகஸ்தர் தம் இரண்டு மூன்று மாதச் சேமிப்பிலிருந்து கொடுத்துவிடலாம். மற்றொருவர் தம்பதிகள் இருவருக்கும் சேர்த்துக் கேட்கும் தொகையிலோ ஒரு மோட்டார் காரே வாங்கி வாசலில் நிறுத்திவிடலாம். குறைந்த விலை கொடுத்தவருக்கு ஒரு சிங்கமும் நிறைந்த விலை கொடுத்தவருக்கு வேறொரு சிங்கமும் அங்கே இல்லை. அப்படியானால் அந்த அதிகப்படிப் பணம் எதை வாங்குகிறது என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடை தெரிந்துகொண்டவர் தம் கைப்பொருளுக்குத் தக்க பிரயாணத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதித் தூரம் போய்விட்டார் என்றே சொல்ல வேண்டும்.

இந்தப் பிரயாணம் பிரபுக்களின் பொழுதுபோக்காகவே தொடங்கியது. 1909-ஆம் வருஷம், அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய கையோடு தியோடோர் ரூஸ்வெல்ட் மொம்பாசாத் துறைமுகத்தில் வந்திறங்கி, ரயில் எஞ்சினின் முகப்பில் அமைத்த ஆசனத்தில் அமர்ந்து, இருமருங்கும் மேய்ந்துகொண்டிருந்த மிருகங்களைப் பார்த்தவாறே உள்நாட்டுக்குப் போனார். சுமைதூக்கிகள் பெருங்கூட்டமாகப் பின்தொடர, அவரும் அவர் குமாரரும் நடத்திய வேட்டையில் வீழ்ந்த பிராணிகள் 512 என்று அவரே கணக்கெழுதி வைத்தார். அவர் ஏறிச் சென்ற அந்த ரயில்பாதை 1896-இல் தொடங்கி 1901-இல் விக்டோரியா ஏரிக்கரையை எட்டியது. அதைப் போடுவதற்காக நம் தேசத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் ஊர் திரும்பாமல் அங்கேயே மாண்டனர். 1898-இல் ஸாவோ ஆற்றுப் பாலத்தருகே இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரங்களுக்குள் புகுந்து அந்தக் கூலிகளை இழுத்துச் சென்ற வரலாறு உலகப் பிரசித்தம். இன்று மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் இடையே 2017 முதல் ஓடும் புதிய ரயில் அதே ஸாவோ வனத்தின் ஊடே செல்கிறது; சாதாரண வகுப்பில் சீட்டு வாங்கியவரும் அதிர்ஷ்டம் இருந்தால் ஜன்னல் வழியே செம்மண் பூசிய யானைகளைப் பார்த்துவிடலாம். 1977-இல் கென்யா வேட்டையை அடியோடு தடைசெய்தது. துப்பாக்கியும் சுமைதூக்கிகளும் போய்விட்ட போதிலும், பிரபு வகைப் பிரயாணமும் சாமானியர் வகைப் பிரயாணமும் இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்து வண்டிகளில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

விலை எங்கே பிறக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். எந்தப் பிரயாணத் திட்டத்தையும் பிரித்துப் பார்த்தால் அதில் நான்கு கூறுகள் இருக்கும்: வனத்துக்குள் நுழைவதற்கான கட்டணம், வண்டியும் எரிபொருளும் ஓட்டுநரும், தங்குமிடமும் ஆகாரமும், ஊரிலிருந்து வனத்துக்குப் போய்ச் சேரும் செலவு. இவற்றுள் முதல் கூற்றை எந்த ஏற்பாட்டாளராலும் குறைக்க முடியாது. அது அரசாங்கமோ ஜில்லா நிர்வாகமோ விதிப்பது. நான் இதை எழுதும் காலத்தில் மசாய் மாராவில் வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர். ஜூலை பிறந்தால் டிசம்பர் முடிய 200 டாலர். சீட்டு பன்னிரண்டு மணி நேரத்துக்கே செல்லும். சரணாலயத்துக்குள் தங்கினவர் புறப்படும் நாளில் காலை பத்து மணிக்குள் வாயிலைக் கடக்காவிட்டால் இன்னொரு நாளைக்கும் பணம் கட்ட வேண்டும். ஆகையால் கடைசி நாள் காலை ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வண்டியை விரட்டினால் அதற்காக அவரைக் கோபிப்பதில் பயனில்லை. தான்சானியாவின் செரங்கெட்டியில் பருவ காலத்து நுழைவுக் கட்டணம் 70 டாலர். அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் வரி. ஙொரொங்கொரோவிலோ ஆளுக்கு 60 டாலரும் வரியும் போக, அந்தப் பெரிய எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக 250 டாலரும் வரியும், ஆக மொத்தம் 295 டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ இருபத்தையாயிரம் ரூபாய், ஒரே ஒரு தடவை இறங்கி ஏறுவதற்கு!

இந்தக் கடைசித் தொகையில்தான் சிக்கனத்தின் இரகசியம் ஒளிந்திருக்கிறது. வண்டிக்கு விதிக்கும் கட்டணம் வண்டியில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. தம்பதிகள் இருவர் மட்டும் ஒரு வண்டியில் பள்ளத்துக்குள் இறங்கினால் ஒருவர் பங்குக்குக் கட்டணம் மாத்திரம் 218 டாலர் ஆகிறது. அறுவராகப் போனால் 120 டாலரோடு முடிந்துவிடுகிறது. எரிபொருளும் ஓட்டுநர் சம்பளமும் இப்படியே பங்கிடப்படும். கூட்டு வண்டி பிடித்துத் திருவிழாவுக்குப் போகும் கிராமத்தார் அறிந்த கணக்குத்தான் இது. உறவினர்களிலோ நண்பர்களிலோ ஒத்த ருசியுள்ள நால்வரோ அறுவரோ சேர்ந்து புறப்படுவதைவிடப் பெரிய தள்ளுபடியை எந்த ஸ்தாபனமும் கொடுக்க முடியாது. ஆனால் ஒத்த ருசி என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பறவைகளைப் பார்க்க வந்தவரும், சிங்கம் தவிர வேறொன்றையும் பார்க்க விரும்பாதவரும், பத்து மணிக்குள் காப்பி வந்தாக வேண்டியவரும் ஒரே வண்டியில் நான்கு நாள் பயணம் செய்தால் ஐந்தாம் நாள் அவர்கள் நண்பர்களாக இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அடுத்தபடியாகக் காலத்தைப் பற்றிய யோசனை. ஆப்பிரிக்க வனப் பிரயாணம் என்றதும் எல்லோர் மனக்கண்ணிலும் தோன்றுவது, வில்டபீஸ்ட் என்னும் தாடி வளர்ந்த மான்கூட்டம் முதலைகள் நிறைந்த மாரா நதியில் குதித்து நீந்தும் காட்சிதான். பதின்மூன்று லட்சத்துக்குக் குறையாத அந்த மான்களும், அவற்றோடு லட்சக்கணக்கில் சேர்ந்து செல்லும் வரிக்குதிரைகளும், மழை பெய்து புல் தழைத்த திசையை நாடி வருஷம் முழுவதும் வட்டமிட்டுக்கொண்டே இருக்கின்றன. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை அவை செரங்கெட்டியின் தென்கோடியில், ந்டுட்டு என்னும் ஏரியைச் சுற்றிய குட்டைப்புல் வெளிகளில் கன்று ஈனுகின்றன. மே, ஜூன் மாதங்களில் மேற்கே குருமெட்டி ஆற்றை நெருங்குகின்றன. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாரா நதியின் இரு கரைகளிலும் மாறி மாறித் திரிகின்றன. நவம்பர் மழையோடு மறுபடி தெற்கு நோக்கித் திரும்பிவிடுகின்றன. ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு உலகமே கூடுவதால் அந்த மாதங்களில் விலையும் உச்சத்தில் நிற்கிறது. நதியோ, மான்களோ எந்தப் பிரயாணியின் தேதிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அதே மான்கள் பிப்ரவரியில் கன்று போடும்போது, பிறந்த சில நிமிஷங்களுக்குள் நடுங்கும் கால்களை ஊன்றி எழுந்து தாயின் பின்னே ஓடும் கன்றுகளையும், அவற்றை எதிர்பார்த்துப் புல்லோடு புல்லாகப் பதுங்கியிருக்கும் சிறுத்தைப் புலிகளையும், ஆற்றங்கரை நெரிசல் எதுவுமின்றிக் காணலாம். ஏப்ரல், மே மாதங்களில் பெருமழை, பாதைகள் சேறாகும், சில முகாம்கள் மூடிவிடும், திறந்திருப்பவை விலையைக் கணிசமாகக் குறைக்கும். வானம் மேகங்களால் நிறைந்து, வெளி முழுவதும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் விளங்கும் அந்த மாதங்களைச் சித்திரக்காரரும் புகைப்படக்காரரும் விரும்பித் தேர்ந்துகொள்வதில் வியப்பில்லை. பள்ளி விடுமுறையையே நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கு நம் ஊர்க் கோடை விடுமுறையில் கிழக்கு ஆப்பிரிக்கா நனைந்திருக்கும் என்பதை மட்டும் முன்னதாகவே சொல்லி வைக்கிறேன்.

இனித் தேசங்களைப் பார்ப்போம். மிகக் குறைந்த செலவில் மிகுந்த சுதந்திரத்தோடு காட்டைப் பார்க்க விரும்புவோருக்குத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசிய வனத்துக்கு இணையானது வேறொன்றிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1926-இல் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டு மறு வருஷமே மோட்டாரில் வந்த பிரயாணிகளுக்குக் கதவு திறந்த அந்த வனம் சுமார் 19,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு சாதாரணக் காரை வாடகைக்கு எடுத்து, அரை நாளில் வன வாயிலை அடைந்து, தாமே ஓட்டிக்கொண்டு தார் ரோட்டில் போகலாம். அங்கேயும் வண்டிகள் நம் நாட்டைப் போல இடப்புறமே செல்கின்றன. நுழைவுக் கட்டணம் நாளொன்றுக்கு 30 டாலரை ஒட்டியே இருக்கிறது. ஸ்குகுஸா, லோயர் ஸாபீ, ஸடாரா முதலிய அரசாங்க முகாம்களில், வேலி சூழ்ந்த வளாகத்துக்குள் கூரை வேய்ந்த வட்டக் குடில்களும், சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரங்களும், மளிகைக் கடையும் உண்டு. அரிசியும் பருப்பும் வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து கழுதைப் புலியின் ஓலத்தைக் கேட்கும் பாக்கியம் இவ்வளவு குறைந்த செலவில் வேறெங்கே கிடைக்கும்? முகாம் அலுவலகத்தில் ஒரு பெரிய வனப்படம் மாட்டியிருக்கும். இன்றைக்கு இன்ன இடத்தில் சிங்கம், இன்ன இடத்தில் சிறுத்தை என்று பார்த்தவர்கள் வந்து வர்ணப் பொட்டுகளை ஒட்டிவிட்டுப் போவார்கள். மறுநாளைய வழியைக் குடும்பத்தோடு அதன் முன் நின்று யோசிப்பது ஒரு தனி இன்பம். ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது, வண்டியை விட்டு இறங்கலாகாது, வாயில் சாத்தும் நேரத்துக்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். இவற்றில் தவறினால் அபராதம். நமீபியாவின் எடோஷாவும் இவ்வகையைச் சேர்ந்ததே. அங்கே ஒகாகுவேயோ முகாமில் விளக்கொளி பாயும் நீர்நிலையின் ஓரத்தில் இரவு முழுவதும் விழித்திருந்தால், காண்டாமிருகங்கள் தாமே நம்மைத் தேடி வருவது போல ஒவ்வொன்றாக வந்து நீர் அருந்திப் போகும்.

கென்யாவில் சிக்கனக்காரர்களின் வாகனம், கூரையை மேலே உயர்த்தும் வசதியுள்ள வேன். நைரோபியிலிருந்து காலையில் புறப்பட்டு, பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து சரிந்திறங்கும் சாலையில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942-இல் இத்தாலியப் போர்க்கைதிகள் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயத்தைத் தாண்டி, நாரோக் ஊரில் பசியாறி, ஐந்தாறு மணி நேரத்தில் மாராவின் வாயிலை அடையலாம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அதே இடத்தில் இறங்கலாம். பணம் உள்ளவருக்கு ஆகாயமார்க்கம் சௌகரியந்தான். ஆனால் சாலை வழியே போகிறவர் பள்ளத்தாக்கையும், கோதுமை வயல்களையும், செந்நிறப் போர்வை போர்த்து மாடு மேய்க்கும் மசாய்ப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு போகிறார். இது செலவைக் குறைத்தவருக்குக் கிடைக்கும் லாபம். செகெனானி, தலெக் வாயில்களுக்கு வெளியே நிரந்தரக் கூடார விடுதிகள் பல இருக்கின்றன. கட்டிலும் குளியலறையும் உள்ள அக்கூடாரங்கள் சரணாலயத்துக்குள் இருப்பவற்றைவிட மலிவு. மாராவுக்கும் போக இயலாதவர் மனம் தளர வேண்டாம். தலைநகரின் கட்டடங்கள் பின்னணியில் தெரிய ஒட்டகச்சிவிங்கி நிற்கும் நைரோபி தேசிய வனம், நகரத்தின் நடுவிலிருந்து ஏழு கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. நைவாஷாவுக்கருகில் ஹெல்ஸ் கேட் வனத்தில் வாடகைச் சைக்கிளில் ஏறி வரிக்குதிரைகளுக்கு நடுவே மிதித்துச் செல்லலாம்.

தான்சானியாவின் கட்டணங்களைப் பார்த்துத் திகைத்தவர்களுக்குத் துணிக் கூடாரம் அபயம் அளிக்கிறது. அருஷா நகரிலிருந்து ஓட்டுநரும் சமையற்காரரும் உடன்வர, கூடாரங்களையும் பாத்திரங்களையும் காய்கறிகளையும் வண்டியின் பின்புறம் ஏற்றிக்கொண்டு புறப்படும் இந்த முறையில், செரங்கெட்டியின் நடுவே செரொனெராப் பகுதியிலுள்ள பொது முகாம்களில் இரவு தங்குவார்கள். சுற்றுவேலி ஏதும் கிடையாது. சமையற்கூடத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் மட்டும் கனமான இரும்பு வலை அடித்திருக்கும். ஆகவே மனிதர்கள் கூண்டுக்குள் அமர்ந்து உண்ண, மிருகங்கள் வெளியே சுதந்திரமாக உலவும் விசித்திரத்தை அங்கே பார்க்கலாம். பொழுது சாய்ந்தவுடன் வெங்காயம் வதக்கும் வாசனையோடு நாலைந்து தேசத்துச் சமையற்பாஷைகளும் அந்தக் கூண்டுக்குள் கலந்து எழும். சாப்பிட்டு முடிந்ததும், ஆகாரப் பொருளின் துணுக்குக்கூடக் கூடாரத்துக்குள் இருக்கலாகாது, பற்பசையும் வெளியே வண்டிக்குள் போகட்டும், இரவில் வெளியேற நேர்ந்தால் முதலில் டார்ச் விளக்கை நாற்புறமும் சுழற்றி இரு கண்கள் ஜொலிக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள் என்று ஓட்டுநர் உபதேசம் செய்வார். நள்ளிரவில் கூடாரத் துணிக்கு அப்பால் யாரோ புல்லைப் பிடுங்கும் சப்தம் கேட்கும். ‘கரக், கரக்’ என்று ஒரே சீராக அது நெருங்கி, துணியின் ஓரமாகக் கனமான மூச்சு ஒன்று விட்டு, மெல்ல விலகிப் போகும். காலையில் பார்த்தால் கூடாரக் கயிற்றுக்கு ஒரு முழ தூரத்தில் காட்டெருமையின் குளம்படி பதிந்திருக்கும். ஆயிரம் டாலர் கொடுத்துப் பஞ்சணையில் படுத்தவருக்கும் இதைவிட நெருங்கிய தரிசனம் கிடைத்திருக்காது. ஆனால் முதுகுவலி உள்ளவரும், வயோதிகரும், இரவில் பலமுறை எழ வேண்டியவரும் இந்த முறையைத் துணிந்து ஏற்பது உசிதமன்று. அவர்களுக்குக் கராட்டு ஊரிலுள்ள எளிய விடுதிகளில் தங்கி, மனயாரா ஏரிக்கும் ஙொரொங்கொரோவுக்கும் பகலில் போய்வருவதும், வறட்சிக் காலமானால் பெரும் பாவோபாப் மரங்களுக்கிடையே யானை மந்தைகள் ஆற்றை நாடி இறங்கும் தரங்கிரே வனத்தைச் சேர்த்துக்கொள்வதும் போதுமானது.

இடைப்பட்ட கைப்பொருளுள்ளவர் கவனிக்க வேண்டியவை மாராவைச் சுற்றியுள்ள மசாய் மக்களின் காப்பு நிலங்கள். நபோய்ஷோ, ஒலாரே மொடொரொகி, மாரா நார்த் என்ற பெயர்களையுடைய இவற்றில் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான மசாய்க் குடும்பங்கள் தம் நிலங்களை ஒன்றுசேர்த்து முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டு, மாதந்தோறும் குத்தகைப் பணம் பெறுகின்றன. இத்தனை நூறு ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்ற வரம்பு இருப்பதால் வண்டிகள் சொற்பம். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாத இரவு உலாவும், வழிகாட்டியோடு கால்நடையாகச் செல்வதும் இங்கே உண்டு. தென்னாப்பிரிக்காவில் க்ரூகரை ஒட்டியுள்ள ஸாபி ஸாண்ட் தனியார் வனத்துக்கும் க்ரூகருக்கும் இடையே இருந்த வேலியை 1993-இல் அகற்றிவிட்டார்கள். ஆகையால் காலையில் க்ரூகரில் எளிய பிரயாணிக்குக் காட்சி கொடுத்த சிறுத்தை மாலையில் ஸாபி ஸாண்டில் சீமானுக்குக் காட்சி கொடுப்பது நடக்கக்கூடியதே. வித்தியாசம் என்னவென்றால், அங்கே தடம் பார்ப்பவர் ஒருவர் வண்டியின் முகப்பில் அமர்ந்து மண்ணைப் படித்துச் சொல்ல, வண்டி பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் அதைப் பின்தொடரும்.

உச்சத்தில் நிற்பவை இரண்டு. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோக் கழிமுகம், 2014-இல் யுனெஸ்கோவின் ஆயிரமாவது உலகப் பாரம்பரியத் தலமாகப் பட்டியலேறியது. அங்கோலாவில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து, உள்ளூரில் வறட்சி கடுமையாக இருக்கும் காலத்தில் அங்கே வெள்ளமாகப் பரவுகிறது. ஆட்கள் குறைவாக வரட்டும், வருகிறவர்கள் நிறையக் கொடுக்கட்டும் என்பது அந்தத் தேசத்தார் தெரிந்தே வகுத்துக்கொண்ட கொள்கை. சிறு விமானத்தில் மட்டுமே அடையக்கூடிய அதன் உள்முகாம்களில் பருவ காலத்தில் ஆளுக்கு இரவொன்றுக்கு ஆயிரம் டாலர் என்பது சாதாரணம். மற்றொன்று மலைக் கொரில்லாக்களின் தரிசனம். ருவாண்டாவில் அனுமதிச் சீட்டு மாத்திரம் 1,500 டாலர். உகாண்டாவின் ப்விண்டி வனத்தில் 800 டாலர். எட்டுப் பேருக்கு மேற்படாத குழுவாக மலையேறி, கொரில்லாக் குடும்பத்தோடு ஒரே ஒரு மணி நேரம் இருக்கலாம். குரங்கினம் இரண்டு தேசத்திலும் ஒன்றே. சேறும் செங்குத்தும் நீண்ட மோட்டார்ப் பயணமும் பொறுக்கக்கூடியவர் உகாண்டாவுக்குப் போய் மிச்சம் பிடிக்கலாம்.

இவ்வளவையும் சேர்த்து நோக்கும்போது அதிகப்படிப் பணம் எதை வாங்குகிறது என்பது புலனாகிறது. அது மிருகங்களை வாங்குவதில்லை. மற்ற மனிதர்கள் இல்லாமையை வாங்குகிறது. ஆகஸ்டு மாதத்தில் மாரா நதிக்கரையில் ஒரு முற்பகலில் இதை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கான மான்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நீரைப் பார்த்து நின்றன. இக்கரையிலோ வண்டிகள், ஒன்றன் பின் ஒன்றாக, புதர்களுக்குப் பின்னே எஞ்சினை நிறுத்திக் காத்துக் கிடந்தன. ஒரு கிழட்டு மான் தண்ணீர் வரை இறங்கி, முகர்ந்து, திரும்பி ஏறியது. மந்தை முழுவதும் அதன் பின்னே திரும்பியது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. மூன்றாம் முறை ஒரு வரிக்குதிரை தயங்காமல் இறங்கிவிடவே, மந்தை சரிந்த மணல்மேடு போல் மேலிருந்து கொட்டத் தொடங்கியது. அந்தக் கணமே அத்தனை வண்டிகளும் உறுமிக்கொண்டு கரையின் விளிம்புக்குப் பாய்ந்தன. ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் ஸ்வாஹிலியில் வைதுகொண்டார்கள். கூரை வழியே நீண்ட காமிராக்களுக்கிடையில் நதி சிறிது நேரம் கண்ணுக்கே தெரியவில்லை. குறைந்த விலை கொடுத்தவர்களும் நிறைந்த விலை கொடுத்தவர்களும் அங்கே ஒரே புழுதியைத்தான் உண்டார்கள். உயர்ந்த விலை கொடுத்தும் உச்சப் பருவத்தில் உச்ச நெரிசலுக்குப் போகிறவர், தம் பணம் வாங்கக்கூடிய ஒரே பொருளைத் தாமே இழந்துவிடுகிறார்.

பணம் வாங்கக்கூடிய இன்னொரு நல்ல பொருள் உண்டு. அது வழிகாட்டியின் அறிவு. தேர்ந்த ஓட்டுநர் ரேடியோவில் வரும் செய்தியைக் கேட்டுக் கூட்டத்தின் பின்னே ஓடமாட்டார். இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே திசையில் முகம் திருப்பி அசையாமல் நின்றால் வண்டியை நிறுத்துவார். எஞ்சினை அணைத்துவிட்டுக் கின்னிக்கோழிகளின் கூச்சல் எந்தப் புதரிலிருந்து வருகிறது என்று செவி சாய்ப்பார். கால் மணி நேரம் யாரும் பேசாமலிருக்கச் செய்து, அத்திமரக் கிளையிலிருந்து தொங்கும் ஒரு வாலின் நுனியைச் சுட்டிக் காட்டுவார். கென்யாவில் தொழில்முறை வழிகாட்டிகளின் சங்கம் தேர்வு நடத்தி வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்து அங்கீகரிக்கிறது. வெள்ளித்தர வழிகாட்டியை எங்களுக்கு அமர்த்தித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலிருந்தே ஏற்பாட்டாளரின் தரமும் வெளிப்பட்டுவிடும்.

ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டிய வேறு சில கேள்விகளும் உண்டு. நுழைவுக் கட்டணமும் வரியும் பள்ளத்தில் இறங்கும் கட்டணமும் சொல்லிய தொகையில் அடக்கமா? வண்டியில் எத்தனை பேர், ஆளுக்கொரு ஜன்னலா? வனத்துக்குள் வண்டி ஓடும் தூரத்துக்கு வரம்பு உண்டா? முகாம் வாயிலுக்கு உள்ளேயா வெளியேயா, வெளியே எனில் எவ்வளவு தூரம்? தனியாக வருபவருக்கு அறைக்காக அதிகப்படி எவ்வளவு? கென்யாவிலும் தான்சானியாவிலும் ஏற்பாட்டாளர்களுக்கென்று சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் அங்கத்தினரா என்று விசாரிப்பது எளிது. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்க. பிறகு, மாற்ற முடியாத அரசாங்கக் கட்டணங்களைத் தாமே கூட்டிப் பார்த்து, அவர்கள் சொன்ன தொகையிலிருந்து கழிக்க வேண்டும். மிச்சம் மிகவும் சொற்பமாக இருந்தால் சந்தோஷப்படுவதற்குப் பதில் சந்தேகப்பட வேண்டும். எரிபொருள், பழுதுபார்ப்பு, ஆகாரம், சம்பளம் அனைத்தும் அந்த மிச்சத்திலிருந்தே வந்தாக வேண்டும். ஆகவே வனத்துக்குள் சுற்றும் நேரம் குறுகும், தேய்ந்த டயர் வெடிக்கும், ஓட்டுநர் தம் குடும்பத்தை உங்கள் அன்பளிப்பைக் கொண்டே காப்பாற்ற வேண்டியவராவார். நல்ல ஊழியத்துக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் இருபது டாலர் வரை வண்டிக்காரருக்கு வெகுமதி அளிப்பது அங்கே வழக்கம். அதையும் வரவுசெலவுத் திட்டத்தில் முதலிலேயே எழுதி வைப்பது நல்லது.

புறப்படுமுன் செய்ய வேண்டிய காரியங்களும் சில உள. கென்யா, உகாண்டாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்ட அத்தாட்சி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போவதற்குப் பதில் தனிமை விடுதியில் நாள் கழிக்க நேரும். சென்னைவாசிகளுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அந்த ஊசி கிடைக்கும்; பயணத்துக்குப் பத்து நாளைக்கு முன்னதாகவே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். மலேரியா மாத்திரை பற்றி வைத்தியரைக் கேட்கவேண்டும். கென்யாவிலும் தான்சானியாவிலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளதால் ஜவுளிக்கடைக் கவர்களில் சாமான்களைச் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். சிறு விமானத்தில் செல்வதாயின் பதினைந்து கிலோவுக்கு மேற்படாத துணிப்பையே ஏற்கப்படும். செத்ஸி ஈக்கள் கருநீலத்தையும் கறுப்பையும் நாடுவதால் மண்நிற உடை நலம். விடியற்காலையில் ஙொரொங்கொரோ விளிம்பில் ஊட்டிக் குளிரை நினைவூட்டும் குளிர். கம்பளிச் சட்டை அவசியம். மரக்கறி உண்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ரயில்பாதை போட்ட காலத்திலிருந்தே இந்தியர்கள் வாழ்ந்து வரும் அந்நாடுகளில் சப்பாத்தியும் சாயும் உள்ளூர் ஆகாரமாகவே ஆகிவிட்டன. உகாலி என்னும் சோளக்களியையும் வதக்கிய கீரையையும் சேர்த்துக்கொண்டால் நம் கிராமத்து உணவுக்கு அதிக தூரமில்லை.

முடிவாக, செலவை எங்கே குறைப்பது, எங்கே குறைக்கலாகாது என்பதில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் குறைக்கலாம், ஏனெனில் பொழுது விடியுமுன் எழுந்து பொழுது சாய்ந்தபின் திரும்புகிறவருக்குக் கட்டில் ஆறேழு மணி நேரத்து விஷயம். பருவத்தில் குறைக்கலாம், வண்டியைப் பங்கிட்டுக் குறைக்கலாம். நாட்களிலும் வழிகாட்டியிலும் குறைக்கலாகாது. ஐந்து நாளில் நான்கு வனம் என்று விளம்பரம் செய்யும் திட்டங்களில் பெரும்பகுதி நேரம் தார் ரோட்டில் கழிகிறது. ஒவ்வொரு வாயிலிலும் புதிய கட்டணம் வேறு. அதே பணத்தில் ஒரே வனத்தில் நான்கு நாள் தங்கியவர், முதல் நாள் கண்ட சிங்கக் குடும்பத்தை மூன்றாம் நாள் மறுபடி கண்டு, அந்தக் குட்டிகளில் ஒன்று நொண்டுவதைக் கூட அறிந்துகொள்கிறார். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியோர் சொன்னதில் இழிவு ஒன்றுமில்லை. க்ரூகரின் குடிலில் சொந்தச் சமையல் சாப்பிட்டவரும், ஒகவாங்கோவின் வெள்ளித்தட்டில் விருந்துண்டவரும் தத்தம் சக்திக்குள் நியாயமான விலை கொடுத்திருந்தால் இருவர் பிரயாணமும் உயர்ந்ததே. கொடுக்கும் பணம் ஓட்டுநருக்கும் சமையற்காரருக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விட்ட மசாய்க் குடும்பத்துக்கும் போய்ச் சேர்கிற திட்டம் எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள். புல்வெளியை உழுது கோதுமை விதைப்பதைவிட மிருகங்களை மேயவிடுவது தங்களுக்கு லாபம் என்று அந்த மக்கள் கருதும் வரையில்தான் அங்கே பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கும். அந்த லாபத்தில் நம் பங்கைச் செலுத்தாமல் காட்டை மலிவாகப் பார்த்து வந்தோம் என்று பெருமை பேசுவதற்கு இடமில்லை.